அயலான் என்பவன் யார்?



தன் அயலான் யார் என்று ஒரு வேதசாஸ்திரி நமது ஆண்டவரிடம் கேட்டான். சேசுநாதர் அவனுக்கு இலக்கணம் கூறவில்லை. ஒரு கதை சொன்னார். கள்ளர் கையில் அகப்பட்டு, குற்றுயிராய் வழியில் கிடந்தவனைத் தன் ஊரார் இருவர் கண்டும் விலகிப் போனார்கள். வேற்றான் என்று ஒதுக்கப்பட்ட சமாரியன் ஒருவனே இறங்கி வந்து காயம் கட்டினான். இது நாம் ஞானோபதேச வகுப்பில் சிறுவயது முதல் கேட்டுவரும் கதை.

நம் தமிழில் இந்த ‘அயல்’ என்ற சொல் ஒரு விந்தையான சொல். அயல்வீடு என்றால் சுவருக்கு அப்பால் உள்ள வீடு. அயல்நாடு என்றால் கடலுக்கு அப்பால் உள்ள நாடு. அடுத்தவனும் அயலான், அந்நியனும் அயலான். கிட்ட இருப்பவனையும் எட்ட இருப்பவனையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் அழைத்தார்கள். அப்படியானால், அடுத்த வீட்டுக்காரன் எந்த நாளில் நமக்கு அந்நியனாகிறான்? அந்நியன் எந்த நாளில் அடுத்தவனாகிறான்? இந்த வாரப் பாடத்தில் இதைச் சிந்திப்போம்.

இதற்கு உதவியாக ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் பிறப்பால் யூதர்; போலந்து தேசத்து எழுத்தாளர்; கடவுள் நம்பிக்கை தமக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். பெயர் ஸ்தனிஸ்லாவ் லெம். பிற கிரகங்களில் உயிர்கள் உண்டா, உண்டென்றால் அவற்றோடு நாம் பேசக்கூடுமா என்ற கேள்வியை நாவல்களாக எழுதி உலகப் புகழ் பெற்றார். 40-க்கு மேற்பட்ட மொழிகளில் அவர் நூல்கள் வந்துள்ளன. அவற்றைப் படித்தவர் கோடிக்கணக்கானோர். ஆனால் அவை எந்த நெருப்பிலிருந்து வந்தவை என்று அறிந்தவர் வெகுகாலம் சிலராகவே இருந்தனர்.

1. சிறுவன் செய்த சீட்டுகள்

லெம் 1921 செப்டம்பரில் லுவோவ் நகரில் பிறந்தார். அது அப்போது போலந்தைச் சேர்ந்திருந்தது. இப்போது லிவீவ் என்ற பெயருடன் உக்ரேன் நாட்டில் இருக்கிறது. தகப்பனார் காது, மூக்கு, தொண்டை வைத்தியர். வீட்டுக்கு இவர் ஒரே பிள்ளை.

அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். லத்தீன் ரீதி, கிரேக்க ரீதி, ஆர்மேனிய ரீதி என்ற மூன்று ரீதிக் கத்தோலிக்கருக்கும் தனித்தனி அதிமேற்றிராணியார் வீற்றிருந்த ஊர் அது. கோயில் மணிகள் ஒலித்த அதே தெருக்களில் யூதருடைய ஜெபக்கூடங்களும் இருந்தன. போலிஷ்காரரும் உக்ரேனியரும் யூதரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கினார்கள். யூதர்கள் மட்டும் ஏறத்தாழ 1,00,000 பேர். நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

லெம் 1966-ல் தம் இளமைப் பருவத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நகரத்துக் குன்றின் பெயரால் ‘உயர்ந்த கோட்டை’ என்று அதற்குத் தலைப்பு வைத்தார். அதில் ஒரு விஷயம் மனத்தில் தங்குகிறது. பள்ளிச் சிறுவனாயிருந்தபோது, வகுப்பில் யாரும் பாராத நேரத்தில், அவர் காகிதங்களைக் கத்தரித்து அநுமதிச் சீட்டுகளும் அடையாளச் சீட்டுகளும் செய்துகொண்டிருப்பாராம். எங்குமே இல்லாத ஒரு கோட்டைக்குள் நுழைவதற்கான சீட்டுகள் அவை. முத்திரை, கையொப்பம், இலக்கம் எல்லாம் உண்டு. சிறுவனுக்கு அது விளையாட்டு. சில ஆண்டுகளுக்குள் அப்படிப்பட்ட ஒரு காகிதம்தான் தம் உயிரைக் காக்கப்போகிறது என்று அந்தப் பையனுக்குத் தெரியாது.

2. அடுத்த வீட்டுக்காரன் அந்நியனான நாள்

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. லுவோவ் நகரை முதலில் ருஷ்யர் பிடித்தனர். 1941 ஜூன் 30-ல் ஜெர்மானியர் வந்தனர். பின்வாங்கிய ருஷ்யப் போலீசார் சிறைச்சாலைகளில் இருந்த கைதிகளை ஆயிரக்கணக்கில் கொன்றுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பழி முழுவதும் யூதர்மேல் சுமத்தப்பட்டது. ஒரு குற்றமும் அறியாத ஆண்களும் பெண்களும் வீடுகளிலிருந்து தெருவுக்கு இழுக்கப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள், சிறைகளிலிருந்து அழுகிய பிணங்களைச் சுமந்துவரக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள், பலர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். அப்போது 19 வயதிலிருந்த லெம்மும் அப்படி இழுத்துச் செல்லப்பட்டவர்களில் ஒருவர் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர்.

இந்த இடத்தில் நாம் உண்மையை மறைக்கலாகாது. அடித்தவர்கள் எல்லோரும் வெளிநாட்டுச் சிப்பாய்கள் அல்லர். அந்த ஊர் ஜனங்களும் கூட்டத்தில் இருந்தார்கள். நேற்றுவரை வணக்கம் சொன்ன முகங்கள் அவை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் அதில் இருந்தார்கள் என்பது நம் நெஞ்சைச் சுடவேண்டிய சங்கதி.

அதே ஊரில் வேறுவிதமாக நடந்தவர்களும் இருந்தார்கள். கிரேக்க ரீதிக் கத்தோலிக்க அதிமேற்றிராணியாரான அந்திரேய் ஷெப்டிட்ஸ்கி ஆண்டகை அப்போது வயோதிகர். அவரும், துறவிகளுக்குத் தலைவராயிருந்த அவருடைய சகோதரர் கிளமெந்தியும், ஏறக்குறைய 150 யூதர்களை மடங்களிலும் கன்னியர் இல்லங்களிலும் ஒளித்துவைத்துக் காத்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். 1942-ல் கொலை செய்யாதிருக்கும் கற்பனையை விளக்கி அதிமேற்றிராணியார் தம் மக்களுக்கு நிருபம் எழுதினார். கிளமெந்தியை 2001-ல் பாப்பானவர் 2-ம் அருள் சின்னப்பர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். ஒரே ஊர், ஒரே விசுவாசம், ஒரே நாள்கள். ஒருவன் அயலானை அடித்தான். ஒருவர் அயலானை மறைத்துக் காத்தார்.

1942-ல் லுவோவ் யூதர்கள் பல்லாயிரம் பேர் இரயில் வண்டிகளில் அடைக்கப்பட்டுப் பெல்ஸெக் கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மற்றும் பலர் நகரத்து ஓரத்திலிருந்த யனோவ்ஸ்கா முகாமில் மடிந்தார்கள். லெம்மின் உறவினர் அநேகமாக எல்லோரும் மாண்டனர். அவரும் பெற்றோரும் தப்பினர். பொய்ப் பெயர் தாங்கிய காகிதங்களே அவருக்குக் கேடயம். ஒரு ஜெர்மானியக் கம்பெனியில் மோட்டார் மெக்கானிக்காகவும் வெல்டிங் வேலைக்காரராகவும் உழைத்தார். சமயம் வாய்த்தபோது கிடங்கிலிருந்து வெடிமருந்துச் சாமான்களை எடுத்து எதிர்ப்புப் படையினருக்குக் கொடுத்தார். 1944 ஜூலையில் ஜெர்மானியர் விரட்டப்பட்டபோது, 1,00,000 பேர் இருந்த யூத சமூகத்தில் உயிரோடு வெளியே வந்தவர்கள் வெகு சிலரே.

3. ‘யாராவது இருக்கிறீர்களா?’

யுத்தம் முடிந்தது. ஆனால் பிழைத்தவர்களுக்குத் துன்பம் முடியவில்லை. ஐரோப்பாவில் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டிருந்தனர். போலந்தில் மட்டும், யுத்தத்துக்கு முன் இருந்த 33 இலட்சம் பேரில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டனர். மிஞ்சியவர்களில் பலருக்கு வீடில்லை; வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி நாடுகளில் அமைந்த அகதி முகாம்களில் சுமார் 2,50,000 யூதர்கள் தங்கினார்கள். அவற்றில் கடைசி முகாம், பவேரியாவில் இருந்த பெரென்வால்ட், 1957-ல்தான் மூடப்பட்டது.

அந்த முகாம்களில் அவர்கள் என்ன செய்தார்கள்? கை கட்டி அழுதுகொண்டு இருக்கவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பத்திரிகை அச்சிட்டார்கள். தையலும் தச்சும் பழகினார்கள். கல்யாணம் செய்துகொண்டார்கள். உலகில் மிக அதிகமாகக் குழந்தைகள் பிறந்த இடங்களுள் ஒன்றாக அந்த முகாம்கள் விளங்கின. அழிக்கப்பட்டவர்களுக்கு அதுவே அவர்கள் அளித்த பதில்.

எல்லாவற்றுக்கும் முந்தின வேலை ஒன்று உண்டு. அது தேடுவது. முகாம் சுவர்களில் பெயர்ப் பட்டியல்கள் ஒட்டப்பட்டன. வந்தவர் யாவரும் முதலில் அந்தச் சுவரண்டை போய் நின்று விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிப் பார்ப்பார்கள். அம்மா பெயர் உண்டா? தம்பி பெயர் உண்டா? பாலஸ்தீனத்திலும், பின்னர் இஸ்ரவேல் நாட்டிலும், காணாமற்போன உறவினரைத் தேடுவோரின் பெயர்களை ரேடியோவில் வாசித்தார்கள். யாராவது இருக்கிறீர்களா என்ற ஒரே கேள்வி காற்றில் போய்க்கொண்டிருந்தது. அநேகருக்குப் பதில் வரவில்லை. சிலருக்கு வந்தது. அந்தச் சிலருக்காகவே எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

லெம் குடும்பம் 1945-ல் லுவோவை விட்டுக் கிராக்கோவ் நகருக்கு வந்தது. எல்லை மாறிவிட்டதால் சொந்த ஊர் வேறு நாடாகிவிட்டது. சொத்து ஒன்றும் மிஞ்சவில்லை. முதிர்ந்த வயதில் தகப்பனார் மறுபடியும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார். மகன் வைத்தியக் கல்வியைத் தொடர்ந்தார். குடும்பத்துக்கு உதவியாகக் கதைகள் எழுதத் தலைப்பட்டார்.

அந்தக் கதைகளையும் கவிதைகளையும் ஏற்று வெளியிட்ட பத்திரிகைகளில் ஒன்று எது தெரியுமா? கிராக்கோவிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்க வாரப் பத்திரிகை. ‘டிகோட்னிக் பொவ்ஷெக்னி’ என்று பெயர். அதிமேற்றிராணியார் சப்பியேஹா ஆண்டகை 1945-ல் தொடங்கியது. யெர்சி துரோவிச் என்ற பொதுநிலையினர் ஆசிரியர். பின்னாளில் பாப்பானவரான கரோல் வொய்த்திலா சுவாமியும் அதில் எழுதினார். 1953-ல் ஸ்டாலின் இறந்தபோது அவரைப் புகழ்ந்து எழுத மறுத்ததற்காக அரசாங்கம் அப்பத்திரிகையைப் பழைய ஆசிரியர் குழுவின் கையிலிருந்து பறித்தது. 1956-ல்தான் அது அவர்களிடம் திரும்பி வந்தது. ‘பொவ்ஷெக்னி’ என்றால் எல்லோருக்கும் உரியது, பொதுவானது என்று பொருள். ‘கத்தோலிக்க’ என்ற சொல்லுக்கும் அதுவே பொருள். வீடிழந்த ஒரு யூத இளைஞனுக்கு அந்தப் பத்திரிகை இடம் கொடுத்தது. அதன் பெயருக்கு அதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா?

ஆனால் வெளியே நிலைமை வேறாக இருந்தது. 1946 ஜூலை 4-ல் கியெல்ச்சே என்ற ஊரில் ஒரு சிறுவன், தன்னை யூதர்கள் ஒரு வீட்டின் நிலவறையில் அடைத்துவைத்ததாகச் சொன்னான். அது பொய். அந்த வீட்டுக்கு நிலவறையே கிடையாது. ஆனாலும் கூட்டம் கூடியது. சிப்பாய்களும் போலீசாரும்கூடச் சேர்ந்துகொண்டார்கள். யுத்தத்தில் பிழைத்து வந்த 42 யூதர்கள் அன்று கொல்லப்பட்டார்கள். நிலவறை இருக்கிறதா என்று ஒருவர் முதலிலேயே போய்ப் பார்த்துச் சொல்லியிருந்தால்! அதன்பின் பல்லாயிரம் யூதர் போலந்தை விட்டு ஓடினார்கள். தங்கியவர்களில் பலர் தம் பிறப்பைப் பற்றிப் பேசாமல் வாழக் கற்றுக்கொண்டார்கள். லெம்மும் அப்படித்தான். ‘உயர்ந்த கோட்டை’ நூல் முழுவதையும் படித்தாலும் அவர் யூதர் என்பது வெளிப்படையாக வராது.

4. வானத்தை நோக்கிய காது

பேசாதவை எங்கே போயின? அவை வானத்துக்குப் போயின. லெம் 1946-ல் பத்திரிகைத் தொடராக எழுதிய முதல் நாவலின் பெயர் ‘செவ்வாயிலிருந்து வந்த மனிதன்’. 1951-ல் வந்த ‘விண்வெளி வீரர்கள்’ நாவலில், மனிதர் வெள்ளிக் கிரகத்துக்குப் போகிறார்கள். அங்கே உயிரில்லை. பூமியை அழிக்கத் திட்டமிட்ட ஓர் இனம் தன் ஆயுதங்களாலேயே தன்னை அழித்துக்கொண்ட அடையாளங்கள்தாம் கிடக்கின்றன.

இது கதைக்காரரின் கற்பனை மட்டும் அன்று. விஞ்ஞானிகளும் அக்காலத்தில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். 1960-ல் அமெரிக்காவில் கிரீன் பாங்க் என்ற இடத்தில், பிராங்க் டிரேக் என்ற வான சாஸ்திரி, 26 மீட்டர் அகலமுள்ள ரேடியோத் தொலைநோக்கியை இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பினார். அவை நம்மிடமிருந்து சுமார் 11, 12 ஒளியாண்டுத் தூரத்தில் உள்ளவை. ஒளி ஒரு வினாடியில் 3,00,000 கிலோமீட்டர் செல்லும். அது ஓர் ஆண்டு முழுவதும் செல்லும் தூரம் ஏறத்தாழ 9½ இலட்சம் கோடி கிலோமீட்டர். அத்தனை தூரத்திலிருந்து யாராவது ரேடியோவில் கூப்பிடுகிறார்களா என்று அவர் கேட்டுப் பார்த்தார். நீரகவாயு இயல்பாக வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் கேட்டார். எங்கே இருக்கும் விஞ்ஞானிக்கும் அந்த அலை தெரிந்திருக்கும் என்பது காரணம். பதில் ஒன்றும் வரவில்லை.

மறு ஆண்டில் டிரேக் ஒரு கணக்கு அமைத்தார். எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன, எத்தனைக்குக் கிரகங்கள் உண்டு, எத்தனையில் உயிர் தோன்றும் என்று ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டு போகும் கணக்கு. அதில் கடைசி எண் எது? பேசத் தெரிந்த ஓர் இனம் எத்தனை காலம் நிலைத்திருக்கும் என்பதே. அணுகுண்டு வெடித்து 16 ஆண்டுகளே ஆன காலம். அறிவுள்ள உயிர்கள் தங்களையே கொன்றுகொள்ளாமல் எத்தனை நாள் வாழும்? வான சாஸ்திரக் கணக்கு கடைசியில் ஒரு மனச்சாட்சிக் கேள்வியில் வந்து முடிந்தது. அந்தக் கடைசி எண்ணைக் குறித்து லெம்முக்கு யாரும் பாடம் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

1959-ல் வந்த ‘ஏதேன்’ என்ற நாவலைப் பாருங்கள். சிங்காரவனத்தின் பெயர் கொண்ட கிரகத்தில் ஆறு மனிதர் இறங்குகிறார்கள். அங்கே அவர்கள் காண்பது, அவ்வுலக வாசிகளின் பிணங்கள் நிறைந்த பெருங்குழி. அந்த நாட்டை ஆளுகிறவர்கள் யார் என்று சொல்லவே அங்கு யாருக்கும் உரிமையில்லை. போலந்தின் போஸ்னான் நகரத்து ஆராய்ச்சியாளர் அக்னியெஷ்கா கயெவ்ஸ்கா 2016-ல் வெளியிட்ட நூலில், இப்படிப்பட்ட காட்சிகள் லுவோவில் லெம் கண்டவையும் இழந்தவையுமே என்று விரிவாக எடுத்துக்காட்டினார். அவர் நூலின் தலைப்பு, யூதரின் பேரழிவையும் விண்மீன்களையும் சேர்த்துச் சொல்லும் தலைப்பு.

1961-ல் வந்த ‘சொலாரிஸ்’ லெம்மின் மிகப் புகழ்பெற்ற நாவல். ஒரு கிரகம் முழுவதும் கடல். அந்தக் கடலுக்கே உயிர் உண்டு. நூறாண்டுகளாக விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து நூல்நிலையம் நிறைய எழுதிக் குவித்தும் அதன் கருத்து இன்னதென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அங்கே தங்கியவர்களிடம் அந்தக் கடல் யாரை அனுப்புகிறது? அவர்கள் நினைவில் புதைந்து கிடந்தவர்களை. கதாநாயகன் கெல்வினிடம், பல ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்து மாண்ட அவன் மனைவி உயிரோடு வந்து நிற்கிறாள். அந்நியனைத் தேடி அத்தனை தூரம் போனவன், தன் மனச்சாட்சிக்கு முன்னால் போய் நிற்கிறான். உறவினரையெல்லாம் இழந்த ஒருவர் இதை எழுதினார் என்பதை அறிந்து படிக்கும்போது கதை வேறாகத் தோன்றுகிறது.

5. சாட்சி சொன்ன பக்கங்கள்

1968-ல் ‘எஜமானின் குரல்’ வெளிவந்தது. வானத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது. பெரிய விஞ்ஞானிகள் பாலைவனத்தில் கூடி, இராணுவத்தின் கண்காணிப்பில், அதைப் படிக்க முயல்கிறார்கள். முழுவதும் படிக்க முடியவில்லை. செய்தியிலிருந்து ஆயுதம் செய்ய வழியுண்டா என்பதில்தான் மேலிடத்துக்கு அக்கறை.

அந்த விஞ்ஞானிகளில் ராப்பபோர்ட் என்பவர் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர். அவர் ஒரு நாள் தம் நண்பரிடம் தம் பழைய கதையைச் சொல்கிறார். சிறைச்சாலை முற்றத்தில் ஜனங்களை நிறுத்திச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர் தம் முறைக்காகக் காத்து நிற்கிறார். அப்போது திடீரென்று கொலை நிறுத்தப்படுகிறது. மிஞ்சியவர்கள் பிழைக்கிறார்கள். அதற்கு அவர்கள் செய்த புண்ணியம் ஒன்றுமில்லை. முன்னே நின்றவர்கள் செய்த பாவமும் ஒன்றுமில்லை. லெம் தம் அமெரிக்க மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், ராப்பபோர்ட்டுக்கு நேர்ந்தது தமக்கு நேர்ந்ததே என்று ஒப்புக்கொண்டார். விண்மீன்களைப் பற்றிய ஒரு நாவலின் நடுவே, வேறொருவர் பெயரில், அவர் தம் சாட்சியத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதே 1968-ல் போலந்து அரசாங்கம் யூதருக்கு எதிராக மறுபடியும் பிரசாரம் தொடங்கியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் சுமார் 13,000 யூதர் நாட்டை விட்டு வெளியேறினர். யுத்தத்தில் பிழைத்து, வேலை தேடி, பிள்ளைகளை வளர்த்து, 20 ஆண்டுகளுக்கு மேல் நாட்டைக் கட்டியெழுப்ப உழைத்தவர்கள் மறுபடியும் அந்நியராக்கப்பட்டார்கள். வீடு கட்டுவது செங்கல்லால் மட்டும் ஆகிற காரியமன்று. அயலாரின் நல்ல முகமும் அதற்கு வேண்டும்.

6. கப்பலில் ஒரு துறவி

1987-ல் போலிஷ் மொழியில் வெளிவந்த ‘தோல்வி’ லெம்மின் கடைசி நாவல். மனிதர் ஒரு பெரிய கப்பலில் குவின்டா என்ற தூரக் கிரகத்துக்குப் போகிறார்கள். அங்கே வாழ்பவர்கள் தங்களுக்குள் பகை கொண்டவர்கள்; வந்தவர்களுக்குப் பதில் சொல்ல மறுக்கிறார்கள். பேசாவிட்டால் பேச வைப்போம் என்று கப்பலில் இருப்பவர்கள் பலாத்காரத்தில் இறங்குகிறார்கள். சமாதானமாக வந்தவர்கள் படிப்படியாகக் குண்டு போடுகிறவர்களாகிறார்கள். ஒவ்வொரு படியிலும் அவர்களிடம் நியாயம் இருக்கிறது! முடிவில் எல்லாம் நாசமாகிறது.

அந்தக் கப்பலில் ஒரு சாமிநாதர் சபைத் துறவி இருக்கிறார். சங். அராகோ சுவாமி என்று பெயர். பாப்பானவரின் பிரதிநிதியாகப் பிரயாணம் செய்கிறவர். மற்றவர்கள் இயந்திரங்களின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாம் செய்வது சரியா என்று கேட்பவர் அவர். அவர் சொல்லைக் கேட்கிறார்கள். ஆனால் அதன்படி செய்யவில்லை. கடவுளை நம்பாத லெம், தம் கதையில் மனச்சாட்சியின் குரலை ஒரு குருவானவர் வாயில் வைத்தார் என்பது நாம் பெருமைப்படுவதற்கு அன்று. நம் கடமையை நினைப்பதற்கு. அயலானை வதைக்கும் இடத்தில் கிறீஸ்தவன் இருந்தால் அவன் என்ன சொல்லவேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார் என்பது இதில் விளங்குகிறது. லுவோவ் தெருவில் அவர் எதிர்பார்த்ததும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

லெம் தம் கடைசி ஆண்டுகளிலும், தம்மை முதலில் ஏற்றுக்கொண்ட அந்தக் கத்தோலிக்க வாரப் பத்திரிகைக்குத் தொடர்ந்து கட்டுரைகள் எழுதிவந்தார். 2006 மார்ச் 27-ல் கிராக்கோவில் காலமானார். 2013-ல் போலந்து விண்ணுக்கு அனுப்பிய ஒரு சிறிய துணைக்கோளுக்கு ‘லெம்’ என்று பெயரிட்டார்கள். 2019-ல், கிரகம் ஒன்றையுடைய ஒரு தூர விண்மீனுக்குச் ‘சொலாரிஸ்’ என்ற பெயர் சூட்டப்பட்டது.

7. நமக்குப் பாடம்

வானத்தில் தேடும் வேலை நின்றுவிடவில்லை. சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கிரகம் 1995-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதுமுதல் இன்றுவரை 5,000-க்கு மேற்பட்ட கிரகங்கள் உறுதி செய்யப்பட்டுள்ளன. எதிலும் உயிர் இருப்பதாக இதுவரை நிரூபணமாகவில்லை. இந்தத் தேட்டம் விசுவாசத்துக்கு விரோதமா என்று சிலர் கலங்குகிறார்கள். வத்திக்கான் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த சங். புனெஸ் சுவாமி 2008-ல் இதற்கு விடை சொன்னார். சர்வேசுரனுடைய சிருஷ்டிப்புச் சுதந்திரத்துக்கு நாம் எல்லை போட முடியாது. வேற்றுலகில் உயிர்கள் இருந்தால் அவர்களும் நமக்குச் சகோதரரே என்பது அவர் கருத்து.

வேற்றுலகத்தானைச் சகோதரன் என்று சொல்வது சுலபம். அவன் நம் தெருவுக்கு வரப்போவதில்லை. நம் கிணற்றில் தண்ணீர் மொள்ளப்போவதில்லை. நம் பெண்ணைக் கேட்டு வரப்போவதில்லை. அடுத்த வீட்டுக்காரன் இவை எல்லாவற்றையும் செய்வான். ஆகையால்தான் நேசம் அவனிடத்தில் சோதிக்கப்படுகிறது.

2-ம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28-ல் வெளியிட்ட அறிக்கையில், நமது ஆண்டவருடைய மரணத்துக்காக யூத ஜனம் முழுவதன்மேலும் பழி சுமத்தலாகாது என்று தெளிவாகக் கூறி, யூதருக்கு எதிரான பகைமையைக் கண்டித்தது. லுவோவ் தெருவில் இரத்தம் சிந்தி 24 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த வார்த்தை அது. அந்த வார்த்தை அதற்கு முன்பே ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு வீட்டிலும் உறுதியாகச் சொல்லப்பட்டிருந்தால், எத்தனை கைகள் ஓங்காமல் நின்றிருக்கும்?

ஒருவனைப் பற்றி நாலு பேர் ஒரு சங்கதி சொல்லும்போது, அந்த வீட்டுக்கு நிலவறை உண்டா என்று போய்ப் பார்க்கும் ஒருவனாக நாம் இருக்கவேண்டும். எல்லோரும் ஒருவனை அந்நியன் என்று சொல்லும்போது, அவனை அடுத்தவன் என்று சொல்லும் ஒருவனாக நாம் இருக்கவேண்டும். சுவரில் பெயர் தேடுகிறவன் கேட்டாலும், வானத்தில் குரல் தேடுகிறவன் கேட்டாலும், கேள்வி ஒன்றே: யாராவது இருக்கிறீர்களா? நாம் இருக்கிறோம் என்று பதில் சொல்வது நம்மால் ஆகிற காரியம்.

குடும்பத்தில் கலந்து பேச:

1. ‘அயல்’ என்ற சொல்லுக்கு உள்ள இரண்டு பொருள்கள் யாவை? சமாரியன் கதையில் இவ்விரண்டும் எப்படி ஒன்றாகின்றன?

2. லுவோவ் நகரத்தில் ஒரே விசுவாசமுள்ளவர்கள் இருவிதமாக நடந்துகொண்டதற்குக் காரணம் என்னவாயிருக்கும்?

3. கியெல்ச்சே ஊரில் ஒரு பொய் எப்படி 42 பேரைக் கொன்றது? நம் தெருவில் பரவும் வதந்திகளை நாம் எவ்வாறு சோதிக்கிறோம்?

4. எல்லாம் இழந்தவர்கள் முகாம்களில் முதலில் செய்தவை எவை? துன்பப்பட்ட குடும்பம் மறுபடி எழுந்திருக்க அயலார் செய்யக்கூடிய உதவி என்ன?

5. நம் பங்கில் பேசப்படாமல், அழைக்கப்படாமல் இருக்கும் குடும்பம் ஏதேனும் உண்டா? இந்த வாரம் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறவர் நம்மில் யார்?